இலைக்கு இடம் விடுங்கள்: ஓணச் சாப்பாட்டுக்கு வீட்டையும் மேசையையும் தயார் செய்ய ஒரு முழு வழிகாட்டி

களியக்காவிளையில் தொடங்கி ஆரல்வாய்மொழி வரைக்கும் ஓணத்தை யாரும் பக்கத்து மாநிலத்துப் பண்டிகையாக நினைப்பதில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. எல்லைக்கோடு நகர்ந்தது, அடுக்களை அப்படியேதான் இருக்கிறது. இன்றும் திருவோணத்துக்குக் குமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். சென்னையில் இருக்கும் பிள்ளைகளும் திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்த மகளும் வந்துவிடுவார்கள். வீடு நிறைந்துவிடும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. போனில் பார்த்த படத்தை வைத்துக்கொண்டு மேசை முழுக்கப் பூவும் விளக்கும் சரவிளக்கு பல்புமாக நிரப்பிவிடுகிறோம். பன்னிரண்டு மணிக்கு இலை போடும்போது அத்தனையையும் தூக்கி அலமாரி மேலே வைக்க வேண்டியிருக்கிறது. என் கணக்கு எளிது. ஓணச் சாப்பாட்டில் பெரிய அலங்காரம் இலைதான். அடுத்தது, இலைக்கு மேலே தடையில்லாமல் போய்வர வேண்டிய விளம்புகிறவர் (பரிமாறுகிறவர்) கை. இந்த இரண்டுக்கும் இடம் விட்டபிறகு எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவுதான் பூவுக்கும் துணிக்கும்.

பத்மநாபபுரம் அரண்மனை ஊட்டுப்புரையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆயிரக்கணக்கில் ஆட்கள் உட்கார்ந்து உண்ட இடம். இரண்டு தளம், நீள நீளமான கூடம். சுவரில் ஒன்றும் இல்லை, நடுவில் ஒன்றும் இல்லை. அலங்காரம் எல்லாம் முகப்பில்: செதுக்கிய பூமுகம், அங்கே தொங்கும் குதிரை விளக்கு. சாப்பிடும் இடத்தில் வெறும் தரையும் வெளிச்சமும் காற்றும்தான். வீட்டுக்கும் இதே பங்கீடு பொருந்தும். ஆடம்பரம் வாசலோடு நிற்கட்டும். மேசை அடக்கமாக இருக்கட்டும்.

1. முதலில் டேப்பை எடுங்கள்

பூக்கடைக்குப் போவதற்கு முன்னால் மேசையை அளந்துகொள்ளுங்கள். நம் வீடுகளில் இருக்கும் ஆறு பேர் மேசை பெரும்பாலும் ஐந்தடி நீளம், மூன்றடி அகலம். நல்ல தலைவாழை இலை ஒன்று இரண்டடி நீளம் பிடிக்கும். அகலம் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட, பதிமூன்று அங்குலம் என்று வையுங்கள்.

நீளவாட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு இலை போட்டால் நான்கடி போகும். மிச்சம் ஒரு அடி, முழங்கை இடிக்காமல் இருப்பதற்கு. எதிரெதிராக இரண்டு வரிசை போட்டால் அகலத்தில் இருபத்தாறு அங்குலம் தீர்ந்து, நடுவில் பத்து அங்குலம் மிஞ்சும். அதில் தண்ணீர் டம்ளர்கள் இரண்டு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் எடுத்துக்கொள்ளும். ஆக, அலங்காரத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது நடுவில் நான்கு அங்குலப் பட்டை. அவ்வளவுதான்.

மேசையின் இரண்டு தலைமாட்டிலும் ஆள் உட்காரலாமே என்று கேட்பீர்கள். தட்டு என்றால் உட்காரலாம். இலை என்றால் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஒருவரது பாயசம் இன்னொருவரது அவியலுக்குள் போகும். ஆறு பேர் மேசையில் நாலு இலை என்பதை மனதில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. எட்டு பத்து பேர் என்றால் இரண்டு பந்தியாக வையுங்கள், அல்லது தரையில் போடுங்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் சாம்பார் வாளியோடு திரும்ப இரண்டடி வேண்டும். சோபாவை நகர்த்துவதோ டீப்பாயைப் படுக்கையறைக்குள் தள்ளுவதோ, எதுவானாலும் உத்திராடத்துக்கு (திருவோணத்துக்கு முதல் நாள்) முந்தின நாளே முடித்துவிடுங்கள். உத்திராடத்தன்று கடைக்கும் அடுக்களைக்கும் ஓடவே நேரம் சரியாக இருக்கும். அந்த ஓட்டத்துக்கு உத்திராடப் பாய்ச்சல் என்றே பேர்.

2. பூ வாங்குவது

இங்கே நமக்கு வேறு யாருக்கும் இல்லாத வசதி ஒன்று உண்டு: தோவாளைச் சந்தை. திருவோணத்தோடு முடியும் பத்து நாளின் முதல் நாளான அத்தம் தொடங்கிவிட்டால் விடியும் முன்பே கேரளத்து வண்டிகள் வந்து நின்றுவிடும். சுற்றுவட்டாரப் பிச்சியோடு ஓசூர் பக்கத்து ரோஜா, திண்டுக்கல் பக்கத்துப் பூ என்று எல்லாம் இறங்கும். கடைசி இரண்டு நாளில் விலை ஏறாத பூவே கிடையாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். பூவின் ஆயுளை வைத்து வாங்குங்கள்.

வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் நாலைந்து நாள் தாங்கும். இவற்றை முன்னதாகவே வாங்கிவிடலாம். கேந்தி (செண்டுமல்லி) இரண்டு நாள் நிற்கும், உத்திராடத்துக்கு முந்தின நாள் வாங்கினால் போதும். பிச்சியை மட்டும் உத்திராடத்தன்று மாலை மொட்டாக வாங்குங்கள்; மறுநாள் காலையில் வீடே மணக்கும்.

மூன்றடி விட்டத்தில் ஒரு அத்தப்பூக் கோலத்துக்கு மொத்தம் இரண்டரைக் கிலோ பூ தாராளம். மஞ்சள் கேந்தியும் ஆரஞ்சுக் கேந்தியும் முக்கால் கிலோ வீதம், வாடாமல்லி அரைக் கிலோ, சிவப்புக்குக் கோழிக்கொண்டையோ ரோஜா இதழோ அரைக் கிலோ. வெள்ளைக்குக் காசு கொடுக்க வேண்டாம், வீட்டில் நந்தியாவட்டை இருக்கும். சிவப்புக்கும் தெச்சியும் (இட்லிப்பூ) செம்பருத்தியும் கைகொடுக்கும். தும்பைப்பூ ஒரு பிடியாவது சேருங்கள். ஓணப்பூ என்றால் பழையவர்களுக்கு முதலில் நினைவு வருவது தும்பைதான். கடையில் கிடைக்காது; வயல் வரப்பிலும் காலி மனையிலும் பிள்ளைகளை அனுப்பிப் பறிக்க வேண்டியதுதான். தும்பையோடு சங்குப்பூவும் முக்குற்றியும் பறித்து வருவார்கள். பண்டிகை நாளில் அவர்களை அடுக்களையை விட்டு வெளியே நிறுத்த இதைவிட நல்ல வழி கிடையாது.

வாங்கி வந்த பூவை பாலித்தீன் கவரில் கட்டியபடி வைக்கக் கூடாது. உள்ளே வெக்கை ஏறி, அடியில் இருப்பது கறுத்துவிடும். அட்டைப் பெட்டியில் நாளிதழை விரித்து, பூவைக் கொட்டிப் பரத்தி, மேலே பிழிந்த ஈரத்துணியைப் போட்டு, காற்றோட்டமான மூலையில் வையுங்கள். மேலே தண்ணீர் தெளிக்க வேண்டாம், இதழ் நனைந்தால் சீக்கிரம் அழுகும்.

கேந்தியைப் பிய்க்க ஒரு முறை உண்டு. பூவின் அடியில் உள்ள பச்சைக் கிண்ணத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இதழ்க் கொத்தை மொத்தமாகத் திருகி இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். கத்தரிக்கோலால் வெட்டினால் இதழ் நுனி பழுப்பேறும். மிஞ்சும் பச்சைக் கிண்ணங்களையும் எறியாதீர்கள். கோலத்தின் வெளி ஓரத்துக்குப் பச்சை வளையம் அதில்தான் வரும்.

அரளி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். தோவாளைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பூக்களில் அரளியும் ஒன்று. 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்த தோவாளை மாணிக்கமாலை அரளியை மடித்து மடித்துக் கட்டுவதுதான். வாசலிலும் சாமி படத்திலும் அது எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். ஆனால் அரளிச் செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு. 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி வேண்டாம் என்று முடிவெடுத்தது அதனால்தான். சாப்பாட்டு மேசைக்கும், இலைப் பக்கத்துக்கும், பூ மிதக்கவிடும் அகல வாய்ப் பாத்திரமான உருளியில் குழந்தை கைவிட்டு அளையும் தண்ணீருக்கும் அரளியைக் கொண்டுவராதீர்கள்.

3. வாசல்: இங்கே தாராளமாக

அத்தம் முதல் பத்து நாளும் பூவிடப் பொழுது இல்லாதவர்கள் திருவோணத்தன்று ஒரு நாள் போட்டாலும் போதும். திண்ணையோ கார் நிறுத்தும் முற்றமோ, எது காற்று மறைவோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலை சுற்றும் அதே காற்று உங்கள் வாசலுக்கும் வரும், ஆவணியிலும் அடங்காது. அங்கே வாசற்படிக்கு உள்ளே, முன்னறையில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

தரையைக் கழுவி, ஈரம் லேசாக இருக்கும்போதே நடுவில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். ஒரு ஆணியில் நூல் கட்டி நடுப்புள்ளியில் ஒருவர் அழுத்திப் பிடிக்க, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டிச் சுற்றினால் வட்டம் பிசகாது. அரை அடிக்கு ஒரு வட்டம். மூன்று வளையம் போதும், அதற்குமேல் போட்டால் பதினொரு மணி ஆனாலும் முடியாது. உள்ளிருந்து வெளியே பூவை நிரப்பிக்கொண்டு வாருங்கள். வெளியிலிருந்து ஆரம்பித்தால் நடுவுக்குக் கை எட்டாமல் போட்டதன்மேலேயே முட்டி வைக்க நேரும்.

நிறம் சேர்ப்பதில் என் பழக்கம்: நடுவில் வெள்ளை, அடுத்து மஞ்சள், அடுத்து வாடாமல்லி ஊதா, வெளியே ஆரஞ்சு, கடைசியில் பச்சை. மஞ்சளும் ஆரஞ்சும் அடுத்தடுத்து வந்தால் தூரத்திலிருந்து ஒன்றாகத்தான் தெரியும்; நடுவில் ஊதா புகுந்தால் இரண்டும் பளிச்சென்று பிரியும். சாயம் ஏற்றிய உப்பையும் தேங்காய்த் துருவலையும் இப்போது நிறையப் பேர் போடுகிறார்கள். துருவலுக்கு எறும்பு வரும், உப்பு மொசைக் தரையைக் கெடுக்கும். பூ குறைந்தால் வட்டத்தைச் சின்னதாக்குங்கள், அவ்வளவுதான்.

வாசல் நிலையில் மாவிலைத் தோரணமும் அதற்குக் கீழே பிச்சிச் சரம் ஒன்றும் போதும். மணம் உள்ள பூவுக்கு இடம் இதுதான். கிண்டி (மூக்கு வைத்த செம்பு) வைத்திருப்பவர்கள் அதைப் புளி போட்டுத் தேய்த்து, தண்ணீர் நிரப்பி, திண்ணையில் ஒரு துண்டோடு வையுங்கள். கை கால் கழுவ வருகிறவர்களுக்கு உபயோகம், பார்க்கவும் லட்சணம். மாமரம் உள்ள வீட்டில் ஊஞ்சல் கட்டினால் கயிறை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

4. நிலவிளக்கும் நிறைநாழியும்

சாப்பிடும் அறையில் விளக்குக்கு ஒரு மூலையை ஒதுக்குங்கள். ஓணச் சாப்பாட்டில் முதல் இலை விளக்குக்கு முன்னால்தான் போடப்படும். எல்லாக் கறியும் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விளம்பிய பிறகே மற்றவர்களுக்கு. ஆகவே விளக்கின் முன் இரண்டடித் தரை காலியாக இருக்க வேண்டும். இந்த இடத்தைப் பூவால் நிரப்பிவிட்டுப் பிறகு இலைக்கு இடம் தேடுவது வருடாவருடம் பல வீடுகளில் நடக்கிறது.

விளக்கை நேர்த் தரையில் வைக்காமல் ஒரு பலகையிலோ தாம்பாளத்திலோ வையுங்கள்; எண்ணெய் வழிந்தால் தாம்பாளத்தோடு போகும். நல்லெண்ணெய் ஊற்றி, திரியை நன்றாக முறுக்கிப் போடுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம், ஜன்னல் திரைச்சீலைப் பக்கத்திலும் வேண்டாம். புடவை முந்தானை உரசும் நடைபாதையிலும் வேண்டவே வேண்டாம்.

பக்கத்தில் நாழியில் நெல்லை நிரப்பி, தென்னம்பூக்குலை ஒன்றைச் செருகுங்கள். பாளை வெடித்துப் புதிதாக விரிந்த குலையாகப் பாருங்கள். சந்தன நிறத்தில் மினுங்கும். இரண்டாம் நாள் பூ கொட்டத் தொடங்கிவிடும். சின்னச் சின்னப் பூவும் மகரந்தமும் உதிர்ந்துகொண்டே இருப்பதால் இது விளக்கு மூலைக்குத்தான் சரி. அழகாக இருக்கிறதே என்று சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தால் பருப்பில் விழும். நெல் கிடைக்காவிட்டால் பச்சரிசி போதும்.

5. துணி

மேசை விரிப்பு முழுசாக வேண்டாம் என்பேன். மஞ்சள் கறை, புளிக்கறை, பாயச நெய் மூன்றும் ஒரே மதியத்தில் விழும். மேசைப் பலகையைத் துடைத்து அப்படியே விட்டாலே இலைப் பச்சை எடுப்பாகத் தெரியும். மேசை பழசாகிக் கீறல் விழுந்திருந்தால் மண்டபத்தில் பந்திக்கு விரிக்கும் வெள்ளைப் பேப்பர் ரோலை விரியுங்கள். சாப்பிட்டதும் அப்படியே சுருட்டி எடுக்கலாம்.

நடுப் பட்டைக்கு ஒரு கசவு நேரியது, அதாவது ஜரிகைக் கரை போட்ட மேல்துண்டு. புதிதாக வாங்க வேண்டுமென்றால் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில், நெய்யாற்றின்கரை தாண்டி, பாலராமபுரம் இருக்கிறது. ஊருக்குப் பேர் கொடுத்த பாலராம வர்மா 1798 முதல் 1810 வரை ஆண்டவர். அவர் காலத்தில் நெசவுக்கென்று அங்கே குடியேற்றப்பட்ட சாலியர் குடும்பங்கள் இந்தத் தமிழ்ப் பக்கத்திலிருந்து போனவர்கள்தான். குழித்தறியில் நெய்யும் அந்தத் துணிக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் மேசைக்கு விரிக்க நல்ல கசவு வாங்குவது வீண். அம்மாவின் பழைய நேரியது, உடம்பு மெலிந்து கரை மட்டும் கெட்டியாக இருக்கிறதே, அதுதான் தோது.

இரண்டரை மீட்டர் நேரியதை நீளவாட்டில் மடித்து, கரை மேலே தெரியும்படி நாலைந்து அங்குல அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். ஐந்தடி மேசை ஒன்றரை மீட்டர். இரண்டு பக்கமும் அரை மீட்டர் தொங்கும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் தொங்குவதை மடித்து அடியில் செருகிவிடுங்கள். பிடித்து இழுத்தால் டம்ளர் வரிசையே வந்துவிடும். கசவு இல்லையா, கோரைப்பாய் ஒன்றை அதே அகலத்துக்கு வெட்டி ஓரம் தைத்துப் போடுங்கள். பத்தமடைப் பாய்க்காரர்களிடம் சின்ன அளவிலேயே கிடைக்கும். கறை பட்டாலும் துடைத்தால் போகும், அதனால் எனக்குக் கசவைவிடப் பாய்தான் பிடிக்கும்.

6. நடுப் பட்டையில் என்ன வைப்பது

நான்கு அங்குலம் அகலம், ஒரு சாணுக்கு மேல் போகாத உயரம். இந்த இரண்டு கட்டுக்குள் எது வந்தாலும் சரி. உயரம் கூடினால் எதிரில் இருப்பவர் முகம் மறையும். விளம்புகிறவர் வாளியைத் தாண்டிக் கொண்டுபோகும்போது கை தட்டும்.

மேசையில் மணமில்லாத பூதான் வேண்டும். பிச்சியின் மணமும் புளி இஞ்சியின் மணமும் ஒரே மூக்கில் ஒத்துப்போகாது. கேந்திக்கும் ஒரு காட்டமான வாடை உண்டு. வாடாமல்லி மணக்காது, உதிராது, மதியம் முழுக்க நிறம் மங்காது. மூன்று சிறிய பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வாடாமல்லியைக் காம்பில்லாமல் மிதக்கவிடுங்கள். மேசையின் நீளத்துக்கு இடைவெளி விட்டு வையுங்கள். கிண்ணம் பித்தளைதான் என்று கட்டாயமில்லை. இளநீர் குடித்துவிட்டு எறியும் சிரட்டையைச் சுரண்டி வைத்தாலும் வடிவாகவே இருக்கும்.

பெரிய உருளியை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். அது வாசலுக்கோ, விளக்கு மூலைக்கு எதிர்ப்பக்கத்துக்கோ.

பூவே வேண்டாம் என்பவர்களுக்கு என்னுடைய விருப்பமான யோசனை பழம்தான். மட்டிப்பழச் சீப்பு ஒன்றை நடுப் பட்டையில் சாய்த்து வையுங்கள். விரல் நீளம், தேன் மஞ்சள், மெல்லிய தோல். 2023-ல் கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் சந்தோஷம்தான்; வெளியூரிலிருந்து வந்த மருமகனோ மருமகளோ இருந்தால் பேச்சுக்கு ஒரு விஷயமும் ஆச்சு. பாயசத்தோடு பிசைந்து சாப்பிடப் பழமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பக்கத்தில் செவ்வாழை இரண்டு வைத்தால் நிறக் குறையும் இல்லை.

7. இலை

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் தப்பினாலும் இலை நன்றாக இருந்தால் பந்தி நன்றாக இருக்கும்.

சொந்தத் தோட்டத்து இலைதான் என்று அடம்பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆடிக்காற்றிலும் ஆவணிக்காற்றிலும் வாழையிலை நார் நாராகக் கிழிந்துதான் நிற்கும். குருத்து விரிந்த மறுநாளே அந்த ஒரு இலையை வெட்டிவிட வேண்டும். மரத்துக்கு ஒன்று அப்படித் தேறும். போதாததைக் கடையில் கட்டாக வாங்குங்கள். பூவன் இலை மெல்லியதாகவும் கிழியாமலும் இருக்கும். பந்தி இலைக்கென்றே அதை வளர்க்கிறவர்கள் உண்டு. உத்திராடத்தன்று மாலை வாங்கி, கட்டை அவிழ்க்காமல் ஈரச் சாக்கைச் சுற்றி நிழலில் வைத்தால் காலையில் புதிது போலவே இருக்கும்.

காலையில் ஒவ்வொரு இலையாக அலசுங்கள். பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலையை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். இலையைக் குப்புறப் போட்டு, நடு நரம்பு தடித்திருக்கும் பக்கத்தில் கத்தியைப் படுக்கவைத்து, துருத்தி நிற்பதை மட்டும் மெல்லச் சீவி எடுங்கள். ஆழமாகப் போனால் இலை இரண்டாகும். பச்சைத் தோல் நீங்கி வெள்ளை நார் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். இப்போது திருப்பிப் போட்டால் இலை மேசையோடு ஒட்டிப் படுக்கும்.

இது ஏன் என்று பாயசம் வரும்போது தெரியும். நம் பக்கம் போளியைப் பிய்த்துப் போட்டு அதன்மேல் பால்பாயசத்தை இலையிலேயே ஊற்றுவோம், அடைப்பிரதமனும் இலையில்தான். நரம்பு தூக்கி நிற்கும் இலையில் ஊற்றியது ஒரு பக்கமாக ஓடி மடியில் இறங்கும். இதே காரணத்துக்காக மேசை ஆடுகிறதா, ஒரு காலுக்கு அட்டை வைக்க வேண்டுமா என்று முன்கூட்டியே பாருங்கள்.

நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம் வரவேண்டும். பொடிசுகளுக்குத் துண்டு இலை போதும். பெரிய இலையைப் போட்டால் பாதி வெறுமையாகக் கிடந்து பார்க்க நன்றாக இருக்காது.

பிறகு நிறம் தானாக வந்து சேரும். இடது ஓரத்தில் உப்பு, ஏத்தங்காய் உப்பேரி, சர்க்கரை வரட்டி. அடுத்து இஞ்சிக்கறி, நாரங்காய், மாங்காய் என்று கருஞ்சிவப்பாக மூன்று சின்னப் பொட்டு. பீட்ரூட் கிச்சடியின் ரோஸ் நிறம், அன்னாசிப் பச்சடியின் மஞ்சள், துவரன், அவியல், எரிசேரி, ஓலனின் வெள்ளை. கீழே இடப் பக்கத்தில் பழமும் பப்படமும். இத்தனை நிறம் வரப்போகும் இடத்தில் இலைக்கு ஓரமாகப் பூவிதழைத் தூவுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படத்துக்கு நன்றாக இருக்கும். கிச்சடியில் இதழ் எது, பீட்ரூட் எது என்று தேட வேண்டிவரும். விளம்பும்போது மட்டும் ஒரு கட்டுப்பாடு வையுங்கள். ஓலனுக்கும் அவியலுக்கும் ஒரே கரண்டியை மாற்றி மாற்றிப் போடக் கூடாது. வெள்ளை வெள்ளையாகவே விழட்டும்.

யாருக்கு எந்த இடம் என்று பேர் எழுதிய அட்டை எல்லாம் நம் பந்திக்கு வேண்டாம். தாத்தாவும் ஆச்சியும் மின்விசிறிக்கு நேரே, அவ்வளவுதான் ஏற்பாடு.

8. வெளிச்சமும் காற்றும்

மதியச் சாப்பாடு என்பதால் ஜன்னலைத் திறந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. மழை மூட்டமாக இருந்தால் வெள்ளை டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மஞ்சள் வெளிச்சம் தரும் வார்ம் ஒயிட் எல்இடி பல்பு ஒன்றை மேசைக்கு மேலே போடுங்கள். வெள்ளை வெளிச்சத்தில் அவியலும் சோறும் வெளிறித் தெரியும். சரவிளக்கு வாங்கி வைத்திருந்தால் வாசல் தூணில் சுற்றுங்கள்; சாயங்காலம் அதற்கு வேலை வரும்.

மின்விசிறி வேகத்தைக் குறைத்து வையுங்கள். வெறும் இலை பறக்கும். போட்டவுடன் தண்ணீர் தெளித்து, உப்பை வைத்து, நுனிப் பக்கம் டம்ளரை நிறுத்தினால் அடங்கும்.

9. தரைப் பந்தி

ஆள் எட்டைத் தாண்டினால் மேசையை ஓரமாக்கிவிட்டு அதை விளம்பும் வாளிகள் வைக்கும் இடமாக்குங்கள். கூடத்தில் நீளப் பாயை இரண்டு வரிசையாக எதிரெதிராக விரியுங்கள். இரண்டு இலை வரிசைக்கும் நடுவில் மூன்றடி இடைவெளி கட்டாயம். விளம்புகிறவர் அதில்தான் நடப்பார். இங்கே நடுவில் எந்த அலங்காரமும் வேண்டாம். நடைபாதையில் பூ வைத்தால் ரசத்தோடு வருகிறவர் அதில்தான் கால் வைப்பார். வரிசையின் ஒரு முனையில் நிலவிளக்கு, மறுமுனையில் பூ மிதக்கும் உருளி. ரெட் ஆக்ஸைடு தரை இருக்கும் பழைய வீடுகளுக்கு இதைவிட அழகு வேறில்லை. முட்டி வலிக்காரர்களுக்கு மேசையில் ஓரிடம் ஒதுக்கி வைத்துவிடுங்கள். அவர்களாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

இரண்டாம் பந்தி உண்டென்றால் அதற்கான இலைகளையும் முதலிலேயே சீவித் துடைத்து அடுக்கிவிடுங்கள். பேப்பர் ரோலை மாற்றி, டம்ளரைக் கழுவி, பூக்கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் மாற்றினால் ஐந்து நிமிடத்தில் இடம் தயார். விளம்பியவர்கள் உட்காரும் பந்தி என்பதால் இதில் பழச்சீப்பு காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. சாப்பிட்ட பிறகு

இலைகளைக் குப்பை கவரில் கட்ட வேண்டாம். மாடோ ஆடோ வைத்திருக்கும் வீட்டுக்குச் சொல்லிவிட்டால் வந்து எடுத்துப் போவார்கள். பூக்கோலத்தை ஓரிரு நாள் விட்டுவைத்துப் பிறகு வாரி, தென்னை மூட்டில் போடலாம். ஆடு மாடு மேயும் இடத்தில் மட்டும் கொட்டாதீர்கள், அரளி கலந்திருக்கலாம். பித்தளைக் கிண்ணங்களை அன்று மாலையே புளித் தண்ணீரில் கழுவித் துணியால் துடைக்காவிட்டால் களிம்பு ஏறும். நேரியதில் மஞ்சள் பட்டிருந்தால் சோப்பு போட்டவுடன் சிவக்கும்; பயப்பட வேண்டாம், நன்றாக அலசி நல்ல வெயிலில் இரண்டு மூன்று தடவை காயப்போட்டால் கறை வெளுத்துவிடும். கசவுக் கரையை முறுக்கிப் பிழியாதீர்கள், ஜரிகை மடங்கிப்போகும். காய்ந்ததும் நீளவாட்டில் சுருட்டி வையுங்கள், மடித்து வைத்தால் மடிப்பில் ஜரிகை விட்டுப்போகும்.